உச்சியில் ஓட இடமில்லை

மின்கம்பி வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே,

போன வாரம் உங்கள் பயிற்சித் திடலுக்கு என்னை வரவழைத்து மாலை போட்டீர்கள், கறிபஃப் கொடுத்தீர்கள். எல்லாம் நன்றாக இருந்தது. உங்கள் பயிற்சியாளர் உங்களை வரிசையில் நிறுத்தி, "யாருக்காவது உயரம்னா பயமா? கையத் தூக்குங்க" என்று கேட்டார். ஒரு கையும் எழவில்லை. ஒருவன் மட்டும் மூக்கைச் சொறியக் கையைத் தூக்கிவிட்டு, பதறிப்போய் இறக்கிக்கொண்டான். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்தபிறகு கவலையாகிவிட்டது. அத்தனை பேரில் ஒருவனுக்குக்கூடவா பயமில்லை? நான் நம்பமாட்டேன். அங்கே மைக்கைக் கொடுத்தபோது என்னமோ நாலு வார்த்தை உளறிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். சொல்ல நினைத்தது இதுதான்.

உங்களுக்கு இப்போது லாரியிலேயே தொட்டில் இருக்கிறது. பொத்தானை அமுக்கினால் தூக்குகிறது, அமுக்கினால் இறக்குகிறது. எங்களுக்கு மரக்கம்பம், காலில் மாட்டும் இரும்புக் கொக்கி, இடுப்பில் ஒரு தோல்வார். அவ்வளவுதான். மலாயாவுக்குச் சுதந்திரம் வரப்போகிறது என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்த காலம். மலாக்காவில் காஜா பெராங் வட்டாரம் எங்கள் கூட்டத்தின் பொறுப்பு. காஜா பெராங் என்றால் கோபம் கொண்ட யானை. அந்த யானையை நான் பார்த்ததில்லை. எங்கள் மண்டோரைப் பார்த்திருக்கிறேன், அதுவே போதும். கூட்டத்துக்குத் தலைவரான அந்த மனிதரின் பெயரை இங்கே எழுதமாட்டேன். எழுதினால் மேலே இருந்துகொண்டும் திட்டுவார்.

அவர் வைத்திருந்த ஒரு வழக்கத்தை மட்டும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கம்பத்தில் ஏறியவனைக் கீழே இருக்கும் எவனும் கூப்பிடக் கூடாது. பெயரும் கூடாது, மச்சான் மாமன் என்ற முறையும் கூடாது. கூப்பிட்டால் மனிதன் திரும்பிப் பார்ப்பான். மேலே இருப்பவன் திரும்பினால் கீழேதான் பார்க்கவேண்டும். அதனால் சொல்லவேண்டியதை எல்லாம் ஸ்பேனரால் கம்பத்தில் தட்டிச் சொல்வோம். ஒரு தட்டு என்றால் நில். இரண்டு தட்டு என்றால் இறங்கு. மரத்தின் வழியாக அது உள்ளங்காலுக்கே வந்துவிடும். காற்று எவ்வளவு அடித்தாலும், லாரி எவ்வளவு இரைந்தாலும் வந்துவிடும்.

எங்கள் கூட்டத்தில் மிக வேகமாக ஏறுபவன் கோவிந்தன். எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவன். நான் கொக்கியை மாட்டி வாரை இறுக்குவதற்குள் அவன் மேலே உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பான். ஆபீசிலிருந்த வெள்ளைக்கார துரைக்குக்கூட அவன் பெயர் தெரியும். அதில் எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல் உண்டு. அவன் மேல் எனக்கிருந்த பிரியம் அதைவிட அதிகம்.

இன்னொருவன் ராஜா. காஜா பெராங்கிலேயே பிறந்த செட்டிக்காரன். மலாக்கா செட்டிகளை உங்களுக்குத் தெரியும். நெற்றி நிறையத் திருநீறு, மாரியம்மன் கோயிலில் முதல் ஆள், வாயைத் திறந்தால் மலாய். நாங்கள் தமிழில் திட்டுவோம், அவன் மலாயில் திருப்பித் திட்டுவான். சண்டையில் ஒரு குறையும் வந்ததில்லை.

ஒரு நாள் காலை, பஸ் போகும் சடக்கின் ஓரக் கம்பம் ஒன்றின் உச்சியில் கோவிந்தன் இருந்தான். கீழே நாங்கள் இருந்தோம். பஸ் வந்து நின்றது. வெள்ளைச் சட்டையும் குடையுமாக ஒரு பெரியவர் இறங்கினார். கையில் கற்கண்டுப் பொட்டலம். கோவிந்தனின் மாமனார். மகள் பிரசவத்துக்காக எஸ்டேட்டில் அவர் வீட்டில்தான் இருந்தாள். மனிதருக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் நிற்கவில்லை. எங்கள் வழக்கம் அவருக்கு எப்படித் தெரியும்? நாங்கள் வாயைப் பொத்துவதற்குள் அண்ணாந்து கத்திவிட்டார்.

"மாப்பிள்ள! கோவிந்தா! பொம்பளப் புள்ள! மகாலட்சுமி வந்திருக்கா!"

கோவிந்தன் திரும்பிப் பார்த்தான். சிரித்தான். அந்தச் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. பிறகு இரண்டு கைகளாலும் கம்பத்தைக் கட்டிக்கொண்டு முகத்தை மரத்தில் புதைத்துக்கொண்டான். மண்டோர் இரண்டு முறை தட்டினார். அசையவில்லை. மறுபடியும் தட்டினார். அவன் காலின் கொக்கி மரத்தில் உரசும் சத்தம் மட்டும் கேட்டது.

இந்த மாதிரி நேரத்தில் ஊரே வாத்தியாராகிவிடும். "கீழ பாக்காத!" "கண்ண மூடிக்க!" "சாமிய நெனச்சுக்க!" என்று ஆளாளுக்கு ஒன்று. ராஜா சடக்கின் நடுவில் போய் நின்று, "டியாம்! டியாம் செமுவா!" என்று எல்லாரையும் வாயடக்கினான். மாமனார் குடையைக் கீழே போட்டுவிட்டு, "நான் கெடுத்திட்டேனே, ஐயோ, நான் கெடுத்திட்டேனே" என்று தலையில் அடித்துக்கொண்டார். மண்டோர் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். அந்த யானை அன்றைக்கு ஒரு வார்த்தை திட்டவில்லை. அதிலேயே எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

ஏறி அவன் காலுக்குக் கீழே நின்றேன். அவன் வலது காலைக் கையால் பிடித்தேன். "இறங்குடா" என்று சொல்லியிருக்கலாம். அதைத்தான் மண்டோர் தட்டித் தட்டிச் சொல்லிவிட்டாரே. "பயப்படாதே" என்று சொல்லியிருக்கலாம். பயப்படுகிறவனிடம் அதைச் சொல்வதைப்போல் வீண் வேலை உலகத்தில் இல்லை. எனக்கு என்ன தோன்றியதோ, "மச்சான், பாப்பாவுக்கு என்ன பேரு வைக்கப் போற?" என்று கேட்டேன்.

அவன் காலை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"மீனாட்சின்னு வையேன்."

மரத்துக்குள்ளிருந்து வருவதுபோல் ஒரு குரல் வந்தது. "மாமியார் பேருலா அது."

"அப்ப வேணாம். காலக் குடு. காமாட்சி?"

"பக்கத்து வீட்டுக் கெழவி. எப்பவும் சண்ட."

"சரி, இந்தக் கால். பாப்பாத்தி?"

"சீ."

ஒவ்வொரு பெயரையும் அவன் வேண்டாம் என்று சொல்லும்போது ஒரு கால் இறங்கியது. எனக்குத் தெரிந்த பெண்கள் பெயரெல்லாம் தீர்ந்துபோய், கடைசியில் "மல்லிகா" என்றேன். "ம்" என்றான். அதற்குள் என் கால் புல்லில் பட்டுவிட்டது. தரைக்கு வந்ததும் மாமனார் அவன் காலில் விழப் போனார். கோவிந்தன் அவரைத் தடுத்துப் பிடித்துக்கொண்டு அழுதான். எதற்கு அழுகிறான் என்று எங்களுக்குத் தெரியவில்லை. குழந்தைக்கா, பயத்துக்கா, அவமானத்துக்கா? அவனுக்கே தெரிந்திருக்காது.

அன்றோடு முடிந்தது என்றுதான் நினைத்தோம். மறுநாள் கம்பத்தில் ஆளுயரம் ஏறினான். வியர்த்துக் கொட்டியது. இறங்கிவிட்டான். அதற்கு அடுத்த நாளும் அப்படியே. கம்பம் ஏற முடியாத ஆளை வைத்துக்கொண்டு ஆபீஸ் என்ன செய்யும்? வீட்டுக்குப் போ என்று சொல்லிவிடும். கைக்குழந்தை, காஜா பெராங்கில் வாடகைக்கு ஓர் அறை, இந்த வேலையை விட்டால் வேறொன்றும் தெரியாது. அதனால் நாங்கள் மூடி மறைத்தோம். அவன் ஏறவேண்டிய கம்பத்தில் நானோ ராஜாவோ ஏறினோம். மண்டோர் பார்த்தும் பாராமல் சுருட்டுப் பற்றவைப்பார்.

மாமியார் தாயத்துக் கட்டினாள். யாரோ காத்துக் கருப்பு என்றார்கள், யாரோ பெண் குழந்தை பிறந்ததால் வந்த கலக்கம் என்றார்கள். அந்த இரண்டாவது ஆளை நான் அடிக்கப் போய்விட்டேன். கடைசியில் நானே அவனைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே யாழ்ப்பாணத்து டாக்டர் ஒருவர் இருந்தார். நாடி பார்த்தார், கண்ணைப் பார்த்தார், கதையை முழுக்கக் கேட்டார்.

"தம்பி, இது கோழைத்தனம் இல்லை. இதுக்கொரு பேர் இருக்கு. அக்ரோஃபோபியா எண்டு சொல்லுறது."

கோவிந்தன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "பேரு இருக்குங்களா?"

"இருக்கு. கிரேக்கச் சொல். அக்ரோன் எண்டால் உச்சி, நுனி. ஃபோபோஸ் எண்டால் பயம். ஆனால் அந்தச் சொல்லுக்கு ஆதியில ஓட்டம் எண்டும் ஒரு கருத்து இருந்ததாம். சண்டைக்களத்தில வெருண்டு ஓடுறது. யோசிச்சுப் பாரும். உச்சியில நிக்கிற ஆளுக்கு மனம் ஓடு ஓடு எண்டு சொல்லுது. அங்கை ஓட இடமில்லை. ஓட ஏலாத கால் என்ன செய்யும்? விறைச்சுப் போகும். கை இறுக்கிப் பிடிக்கும். அவ்வளவுதான்."

"எனக்கு ஏன் வந்துச்சு, டாக்டர்?"

"அது ஆருக்குத் தெரியும்? எனக்கும் உண்டு. அதாலதான் மேல்மாடி வார்டை மற்றவையளுக்குக் குடுத்திட்டுக் கீழ இருக்கிறன்" என்று சொல்லிச் சிரித்தார்.

மருந்து ஒன்றும் கொடுக்கவில்லை. எனக்கு ஏமாற்றமாக இருந்தது. கோவிந்தனோ சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து வழியெல்லாம் அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லிப் பழகிக்கொண்டு வந்தான். "டாக்டர் ஒண்ணும் பண்ணலியேடா" என்றேன். "மச்சான், பேரு வச்சிருக்காங்கன்னா எனக்கு முன்னாலயே எவனுக்கோ வந்திருக்குலா" என்றான். எத்தனையோ நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவன் வழியில் இறங்கிப் பசியாறினான். காசு கொடுத்தது நான்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சுதந்திரம் நெருங்கியது. தெருவெல்லாம் வண்ண பல்பு கட்டும் வேலை. பெண்டஹாரா சாலைக் கடைக்காரர்கள் வளைவு வைத்தார்கள். காஜா பெராங்கில் இருந்தவர்களுக்கு ரோஷம் வந்து, எங்களுக்கு நட்சத்திரம் வேண்டும் என்றார்கள். சடக்குகள் கூடும் இடத்தில் ஒரு நெட்டை மரத்தை நட்டு, அதன் உச்சியில் பல்பு பதித்த நட்சத்திரம் ஒன்றைக் கட்டவேண்டும். வழக்கமான கம்பத்தைவிட உயரம். மேலே போகப்போக மெலிந்த மரம். வெள்ளைக்கார துரை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். அவர் இடத்துக்கு வந்த மலாய்க்காரர் ஓர் இளம் எஞ்சினியர். அன்று சாயங்காலம் வேலையைப் பார்க்க அவரே நேரில் வந்தார். எல்லாரிடமும் கை குலுக்கினார். பிறகு கேட்டார்.

"இதில் யார் கோவிந்தன்? உன்னைப் பற்றி ஆபீசில் நிறையக் கேள்விப்பட்டேன். நட்சத்திரத்தை நீதான் கட்டவேண்டும்."

அதட்டிச் சொல்லியிருந்தால் சமாளித்திருப்போம். மரியாதை செய்வதாக நினைத்து, சிரித்த முகத்தோடு சொன்னார். சடக்கோரத்தில் ஊரே நின்றது. கோவிந்தனின் மனைவி கையில் குழந்தையோடு நின்றாள். மண்டோர் முந்திக்கொண்டு, "துவான், இவனுக்கு ரெண்டு நாளா வயிறு சரியில்ல" என்று ஆரம்பித்தார். அவருக்குப் பொய் சொல்லவே வராது, காது சிவந்துவிடும். சிவந்தது.

கோவிந்தன் ஓர் அடி முன்னால் வந்தான். மலாயில் பேசினான். "வயிறு நல்லா இருக்கு, துவான். என்னால ஏற முடியாது. எனக்கு அக்ரோஃபோபியா இருக்கு."

எஞ்சினியருக்கு அந்தச் சொல் புரியவில்லை. அப்படியென்றால் என்ன என்று கேட்டார். டாக்டர் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னான். உச்சி, பயம், ஓட்டம், ஓட இடமில்லாமை எல்லாம். ஊர் முழுக்கக் கேட்டது. எவனோ பின்னாலிருந்து சிரித்தான். ராஜா திரும்பிப் பார்த்ததும் அடங்கினான்.

எஞ்சினியர் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. கோபப்படவில்லை. "சரி. நாளைக்குக் காலையில் ஆபீசுக்கு வா, பேசுவோம்" என்றார். ஆபீசுக்கு வா என்று சொன்னால் என்ன அர்த்தம் என்று எங்களுக்குத் தெரியும். அவன் மனைவிக்கும் தெரியும். குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

நான் வாரை மாட்டிக்கொண்டு ஏறினேன். ஆத்திரத்தில் ஏறினேன். உண்மையைச் சொன்னதற்கா இது என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினேன். உச்சிக்குப் போய் நட்சத்திரத்தைக் கட்டி முடித்தேன். கடைசி முடிச்சைப் போடும்போது கடல் பக்கமிருந்து ஒரு காற்று வந்தது. மரம் லேசாக ஆடியது. அது எத்தனையோ முறை ஆடியிருக்கிறது. அன்றைக்கு மட்டும் அந்த நேரம் பார்த்து டாக்டரின் பேச்சு காதில் விழுந்தது. உச்சி. ஓட்டம். இங்கே ஓட இடமில்லை.

அவ்வளவுதான் தம்பிகளே. யாரும் என்னைக் கூப்பிடவில்லை. மாமனார் குடையை ஆட்டி ஆட்டி, "பேரச் சொல்லாதீங்க! ஒருத்தரும் பேரச் சொல்லக்கூடாது!" என்று கூட்டத்தைக் காவல் காத்துக்கொண்டிருந்தார். என் காலுக்குக் கீழே ஒன்றுமே இல்லை என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டது. கை தானாக மரத்தைக் கட்டிக்கொண்டது. கன்னத்தை மரத்தில் வைத்துக்கொண்டேன். ஆறடிக்குக் கீழே நின்று, கோவிந்தன் அன்றைக்கு எப்படி இருந்தான் என்று நான் பார்த்தேனே, அதையெல்லாம் நான் பார்க்கவே இல்லை. பார்த்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

கீழே இருந்தவர்கள் நான் முடிச்சுப் போடுகிறேன் என்று நினைத்தார்களாம். மண்டோரும் அப்படித்தான் நினைத்தாராம். கோவிந்தனுக்கு மட்டும் தெரிந்தது. அவன் சொன்னதைக் கேட்டு ராஜா கொக்கியை எடுக்கப் போனபோது, "வேணாம், மேல மரம் ரெண்டு பேரத் தாங்காது" என்று தடுத்திருக்கிறான். மண்டோர் கையிலிருந்த ஸ்பேனரைக் கேட்காமலே பிடுங்கிக்கொண்டான். அதைப்போல ஒரு காரியத்தை அதற்கு முன் எவனும் செய்து பிழைத்ததில்லை.

என் உள்ளங்காலுக்கு இரண்டு தட்டு வந்தது. மெதுவாக. பிறகு ஒன்றுமில்லை. நான் அசையவில்லை. மறுபடியும் இரண்டு தட்டு, அதே அளவு மெதுவாக. மண்டோர் தட்டினால் அதில் கோபம் தெரியும், ராஜா தட்டினால் அவசரம் தெரியும். இதில் இரண்டும் இல்லை. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் தட்டிக்கொண்டிருப்பேன், உனக்கு எப்போது முடிகிறதோ அப்போது வா என்று இருந்தது அது. தட்டு வரும்போதெல்லாம் மனம் ஊரையும் கூட்டத்தையும் விட்டுவிட்டு உள்ளங்காலுக்கு வந்தது. ஓட இடமில்லைதான். ஒரு காலை வைக்க இடம் இருந்தது. வைத்தேன். இரண்டு தட்டு. அடுத்த காலை வைத்தேன். ஒருமுறை பாதியில் மறுபடியும் நின்றுவிட்டேன். அப்போதும் அவன் அவசரப்படவில்லை, தட்டலின் வேகத்தைக் கூட்டவில்லை.

தரையில் கால் வைத்ததும் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். வெட்கமெல்லாம் ஒன்றும் இல்லை.

எஞ்சினியர் அத்தனையையும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மண்டோரிடம் ஏதோ கேட்டார். மண்டோர், "எல்லாருந்தான் ஏறுவானுங்க, துவான். கீழ நிக்கத் தெரிஞ்சவன் எனக்கு இவன் ஒருத்தன்தான்" என்றார். இந்த முறை காது சிவக்கவில்லை. எஞ்சினியர் கோவிந்தனிடம் போனார். "நாளைக்கு ஆபீசுக்கு வரவேண்டாம். இனிமேல் இவர்கள் எங்கே ஏறினாலும் நீ கீழே நில்" என்றார். நட்சத்திரம் எரிந்தது. மாமனார் யார் எவர் என்று பார்க்காமல் எல்லார் வாயிலும் கற்கண்டைத் திணித்தார். எஞ்சினியர் வாயிலும்.

அந்தக் குழந்தைக்கு மல்லிகா என்றே பெயர் வைத்தார்கள். கோவிந்தன் ஓய்வு பெறும் வரைக்கும் ஒரு கம்பத்திலும் ஏறவில்லை. அவன் கீழே நின்ற எந்தக் கம்பத்திலிருந்தும் ஒருவனும் விழவில்லை. அந்தப் பயம் எனக்கு அப்புறமும் வந்திருக்கிறது. வரும்போது தெரியும், இன்னார் வந்திருக்கிறார் என்று. கீழே அவன் இருக்கிறானா என்று மட்டும் ஏறுவதற்கு முன்பே பார்த்துக்கொள்வேன்.

ஆகையால் அடுத்த முறை கேட்டால் கையைத் தூக்குங்கள். மூக்கைச் சொறிகிற சாக்கில் தூக்கினாலும் சரி. தூக்காதவனைத்தான் நான் கம்பத்தில் ஏற்றமாட்டேன். அவன் கீழே நிற்கவும் லாயக்கில்லை.

இப்போது நான் செங் பக்கம் என் மகனோடு ஓர் அடுக்குமாடியில் இருக்கிறேன். நாலாவது மாடி. கோவிந்தன் வாரம் தவறாமல் என்னைப் பார்க்க வருகிறான், மேலே மட்டும் வரமாட்டான். என் பேரப்பிள்ளைகள் ஜன்னலிலிருந்து கூப்பிட்டுக் கெஞ்சினாலும் வரமாட்டான். கீழே நின்றுகொண்டு படிக்கட்டின் இரும்புக் கைப்பிடியில் சாவியால் தட்டுவான். அந்தச் சத்தம் கம்பி வழியாக நாலு மாடியும் ஏறி என் வாசலுக்கு வந்துவிடும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே வந்துவிட்டான். இரண்டு தட்டு. கோப்பி குடிக்கக் கூப்பிடுகிறான்.

நான் இறங்குகிறேன்.